கேப்பில் இருப்பது என்ன பீங்கான்? காரைக்குடிப் பல் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர் செதுக்கிய பல்லின் அளவு என் மேசைக்கு வரும். அதன்மேல் உட்காரும் பல்லை, அதாவது ‘கேப்’ என்று சொல்லும் பல் உறையைச் செய்து அனுப்புவது என் தொழில். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து மருத்துவர்கள் சிலருக்கு இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்து கொடுத்துவருகிறேன். உங்கள் வாய்க்குள் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. முன்பல்லாக இருந்தால் மட்டும், நிறம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் ஆளை இங்கே அனுப்பிவைப்பார். நிறம் பார்க்க ஐந்து நிமிடம். கேள்விகளுக்கு அரை மணி நேரம். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் பல்லின் நோயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பொருளைப் பற்றி என்னிடம் கேட்கலாம்.

உப்பு நார்த்தங்காய் ஜாடியும் பீங்கான், பல்லும் பீங்கான். இரண்டும் ஒன்றா?

பங்காளிகள்தான், ஆனால் வேறு வேறு புள்ளி, அதாவது தனித்தனிக் குடும்பம். ஜாடி களிமண்ணில் வனைந்து, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்துச் சுட்டது. பல்லுக்கு எடுக்கும் பீங்கானில் களிமண் அநேகமாகக் கிடையாது. களிமண் சேர்ந்தால் ஒளி உள்ளே நுழையாது. பல் ஜாடியைப் போலவே மொத்தையான வெள்ளையாகத் தெரியும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்லின் தூள்தான் பெரும்பங்கு. அதோடு கொஞ்சம் குவார்ட்ஸ், நிறத்துக்குச் சில உலோக ஆக்சைடுகள். உருகி ஆறினால் கிடைப்பது கிட்டத்தட்டக் கண்ணாடி.

இந்தத் தொழில் தொடங்கியது ஒரு மருந்துக் கடையில். 1774 வாக்கில் பாரிஸ் பக்கத்து மருந்துக் கடைக்காரர் அலெக்சி டுஷாட்டோ, தான் போட்டிருந்த தந்தப் பல்செட் கறைபிடித்து நாறுவதைப் பொறுக்க முடியாமல், கடையிலிருந்த பீங்கான் குடுவைகளைப் பார்த்து யோசித்திருக்கிறார். எதை ஊற்றிவைத்தாலும் அவை கழுவினால் பளிச்சென்று ஆகிவிடுகின்றன அல்லவா? டுபுவா த ஷெமான் என்ற பல் மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு பீங்கானில் பல்செட் செய்தார். ஒற்றைப் பல்லுக்கு முழுப் பீங்கான் உறை மாட்டும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் லேண்ட் 1903இல் முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அழகாக இருந்தது, எளிதாக உடைந்தது. அதன் பிறகு இன்றுவரை நடந்ததெல்லாம் அந்த உடைப்பைத் தடுக்க நடந்த வேலைதான்.

ஆத்தங்குடிக் கல்லும் பீங்கான்தானே?

இல்லை. ஆத்தங்குடிக் கல் சூளையைப் பார்த்ததே கிடையாது. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் பளபளப்பு கண்ணாடியில் பதிந்து வந்த பளபளப்பு. பீங்கான் என்றால் நெருப்பில் வெந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்பவர்களைப் பார்த்து முன்பு சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை, ஏனென்றால் பல்லிலும் இதே குழப்பம் இருக்கிறது. பல் நிறத்தில் சொத்தையை அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைக்கிறார்களே, அதைப் ‘பீங்கான் அடைப்பு’ என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒருவகைப் பிசினுக்குள் கண்ணாடித் தூள் கலந்த காம்போசிட். சுட்டது இல்லை, ஒளியில் இறுகியது. சின்ன அடைப்புக்கு நல்ல பொருள்தான். ஆனால் காப்பியும் வெற்றிலையும் அதில் நாளடைவில் கறையேற்றும், தேய்மானமும் சீக்கிரம் வரும். பீங்கான் விலை கொடுத்துக் காம்போசிட் வாங்கிவிடாதீர்கள்.

‘மெட்டல் செராமிக்’ என்றால் என்ன? என் அப்பத்தாவின் கேப்பில் ஈறோரம் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதே?

முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் எனாமல் தூக்கும் தட்டும் அடுக்கியிருப்பார்கள். கொண்டுவிற்கக் கடல் கடந்து போன காலத்தில் நம் வீடுகளுக்கு வந்தவை. அடிபட்ட ஒரு தூக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு சில்லுப் பெயர்ந்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரியும். இரும்பின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்த பாத்திரம் அது. மெட்டல் செராமிக் கேப்பும் அதேதான். நம் பல்லின் மேல்தோலுக்கும் எனாமல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்பது தனிக் குழப்பம்.

உள்ளே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் நிக்கல் குரோமியம் அல்லது கோபால்ட் குரோமியம் உலோகத் தொப்பி. அதன் கருமையை மறைக்க ஒரு வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல் பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, காற்றை உறிஞ்சிவிட்ட சிறு சூளையில் 900 டிகிரிக்கு ஒட்டிச் சுட வேண்டும். சூட்டில் மாவு சுருங்கும் என்பதால் வேண்டியதைவிடப் பெரிதாகவே வைப்போம். வேகாத பல் வீங்கிய பல்லாகத்தான் இருக்கும்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். ஆறும்போது உலோகம் பீங்கானைவிட ஒரு துளி அதிகமாகச் சுருங்க வேண்டும். அப்போதுதான் மேலே உள்ள பீங்கானை அது இறுக்கிப் பிடிக்கும். பீங்கானை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். சாதாரணப் பீங்கான் உலோகத்தோடு ஒத்துப்போகாது. லியூசைட் என்ற படிகம் கலந்தால் ஒத்துப்போகும் என்று கண்டு, வெய்ன்ஸ்டீன் குழுவினர் 1962இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகு பல்லாண்டுக் காலம் உலகம் முழுக்க இந்தக் கேப்தான்.

உங்கள் அப்பத்தாவின் கோட்டுக்கு வருவோம். வயதில் ஈறு கீழே இறங்கும்போது, இதுவரை ஒளிந்திருந்த உலோக விளிம்பு வெளியே தெரிகிறது. அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. அடியில் சொத்தை இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், கடைவாய்ப் பல்லில் அந்தக் கோட்டுக்காக நல்ல கேப்பை உடைக்காதீர்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் விஷயம் வேறு. கவரிங் நகை போட்டால் அரிப்பு வருமானால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜிர்கோனியா என்பது அமெரிக்கன் டைமண்ட்தானே?

வைரத்தோடு போட்ட ஆச்சி ஒருவர் என்னைக் கேட்டது. சரியாகத்தான் கேட்டார். அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் கல்லும், பல்லுக்கு எடுக்கும் ஜிர்கோனியாவும் ஒரே ஆக்சைடு. கல் கண்ணாடி போல் தெளிந்த ஒற்றைப் படிகம். பல், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வெண்கட்டி.

மூலப்பொருளான ஜிர்கான் நமக்கு அந்நியம் இல்லை. ஜிர்கோனியம் என்ற தனிமத்தை 1789இல் ஜெர்மனியின் கிளாப்ரோத் கண்டுபிடித்தது இலங்கையிலிருந்து போன ஒரு ஜிர்கான் கல்லில். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் ஜிர்கான் இருக்கிறது.

என் மேசைக்கு அது 98 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டாக வரும். பார்வைக்குச் சுண்ணாம்புக் கட்டி. நகத்தால் கீறினால் மாவு உதிரும். பாதி வெந்த நிலையில் கொடுப்பதால்தான் இயந்திரத்தால் எளிதாகக் கடைய முடிகிறது. கணினியில் பல்லை வரைந்து, வேண்டிய அளவைவிடக் கால்பங்கு பெரிதாகக் கடைந்து எடுத்து, ஏறக்குறைய 1500 டிகிரிச் சூளையில் இரவு முழுக்க வைப்போம். ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்கு 20 அளவு சுருங்கும். கன அளவில் பார்த்தால் மாலையில் உள்ளே போனதில் பாதிதான் காலையில் இருக்கும். தட்டினால் நேற்று ‘டொக்’ என்றது இன்று ‘டிங்’ என்று ஒலிக்கும். மனைவி இதைப் பச்சைச் செங்கல்லுக்கும் சுட்ட செங்கல்லுக்கும் உள்ள வித்தியாசம் என்பாள். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இது ஏன் உடைவதில்லை? சூடு ஆறினால் ஜிர்கோனியாப் படிகங்கள் வேறு வடிவத்துக்கு மாறி, நூற்றுக்கு 4, 5 பங்கு பருத்து, கட்டியையே நொறுக்கிவிடும். கொஞ்சம் இட்ரியா என்ற இன்னோர் ஆக்சைடைக் கலந்தால் மாறாமல் அப்படியே அடங்கி நிற்கும். பின்னாளில் எங்கேயாவது ஒரு விரிசல் கிளம்பினால், அதன் முனையிலுள்ள படிகங்கள் அந்த நேரம் பார்த்து மாறிப் பருக்கும். பருத்ததும் விரிசலின் வாய் இறுகிவிடும். 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ என்ற மூவர் இந்தக் குணத்தை எழுதி வெளியிட்டபோது ‘பீங்கான் எஃகு’ என்று தலைப்பிட்டு ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள்.

கடற்கரை மணல் என்கிறீர்கள். கதிர்வீச்சு இருக்காதா?

நியாயமான பயம். அந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது; ஜிர்கானிலும் யுரேனியம், தோரியத்தின் சாயல் உண்டு. ஆனால் பல்லுக்கு எடுக்கும் ஜிர்கோனியா வேதிமுறையில் பிரித்துச் சுத்தம் செய்த பொடி. பல் பீங்கானுக்கான ஐஎஸ்ஓ 6872 என்ற பன்னாட்டுத் தரத்தில், ஒரு கிராமுக்கு யுரேனியம் 238இன் அளவு 1 பெக்கெரெல்லுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. பெயர் தெரிந்த நிறுவனத்தின் வட்டு என்றால் கவலை வேண்டாம். இயற்கைப் பல் போல் ஒளிர வேண்டும் என்பதற்காகவே ஒரு காலத்தில் பீங்கானில் யுரேனிய உப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்த வழக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

எல்லாமே ஜிர்கோனியா என்றால் ஏன் மூன்று விலை சொல்கிறார்கள்?

இட்ரியாவின் அளவுதான் காரணம். குறைவாகச் சேர்த்தது பலசாலி, ஆனால் சுவர் மாதிரி வெள்ளை. வளைத்து உடைக்க 1000 மெகாபாஸ்கல் (பலத்தை அளக்கும் அலகு) வரை வேண்டும். அதிகம் சேர்த்தால் ஒளி ஊடுருவும், முன்பல்லுக்கு அழகாக இருக்கும், ஆனால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். விரிசலை மூடும் படிகங்கள் அதில் குறைந்துபோகின்றன. அழகும் பலமும் ஒரே வட்டில் முழுசாகக் கிடைத்ததாக நான் பார்த்ததில்லை. மேலே ஒளி ஊடுருவும் அடுக்கும் கீழே பலமான அடுக்கும் உள்ள வட்டுகள் வந்திருக்கின்றன. அது ஒரு நடுவழி.

இன்னொரு வகையில், ஜிர்கோனியாவை உள் தொப்பியாக மட்டும் வைத்து மேலே பீங்கான் சுடுவோம். அழகு கூடும். உள் தொப்பி உடையாது, மேல் பீங்கான் சில்லுப் பெயரலாம். திரும்பவும் எனாமல் தூக்குக் கதைதான். கடைவாய்க்கு ஒரே கட்டியாகக் கடைந்ததையே கேட்டு வாங்குங்கள்.

‘இ-மேக்ஸ்’ என்பது?

ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், பொருளுக்கே பெயராகிவிட்டது. பொருள் லித்தியம் டைசிலிகேட். கண்ணாடிக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். வைக்கோல் கலந்த மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைவதற்கு வரும் கட்டி கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பார்க்க வந்த ஒரு பெரியவர் “இதையா என் மகள் பல்லில் வைக்கப் போகிறீர்கள்?” என்று எழுந்தேவிட்டார். 850 டிகிரிக்கு ஒட்டிய சூட்டில் அரை மணி நேரத்துக்குள் கத்தரிப்பூ மறைந்து பல் நிறம் வந்துவிடும். அவரை உட்காரவைத்துச் சூளைக் கதவைத் திறந்து காட்டினேன்.

பழைய பீங்கான் 100 மெகாபாஸ்கலைத் தாண்டத் திணறும். இது 400ஐ ஒட்டித் தாங்கும். முன்பல்லில் என் கை முதலில் போவது இதற்குத்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்லது?

சுற்றி வளைக்காமல் சொன்னால், கேள்வி தப்பு.

சில வருடங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் அளவு வந்தது. மேல் தாடை அச்சையும் கீழ் அச்சையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், செதுக்கிய பல்லுக்கும் எதிர்ப்பல்லுக்கும் நடுவே நகக்கண் அளவு இடம். மெட்டல் செராமிக் கேட்டிருந்தார்கள். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வேண்டும். மருத்துவரை அழைத்துச் சொன்னேன். “நோயாளி அவசரத்தில் இருக்கிறார், எப்படியாவது சரிசெய்து கொடுங்கள்” என்றார். நானும் பீங்கானை அப்பளமாக இழைத்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் கேப் திரும்பி வந்தது, மருந்துச் சீட்டில் மடித்து. தேன்குழல் கடித்தாராம். அவர் பீங்கானைத் திட்டினார், மருத்துவர் என்னைத் திட்டினார். குற்றம் இடத்தில் இருந்தது. இடம் இல்லை என்று தெரிந்தும் செய்து கொடுத்த என்னிடமும் இருந்தது. அன்றைக்கே ஒரே கட்டி ஜிர்கோனியா என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால், ஒரு மில்லிமீட்டருக்குள் சமாளித்திருக்கலாம்.

அதனால் எது நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பேன். எந்தப் பல்? எதிரே இருப்பது சொந்தப் பல்லா, இன்னொரு கேப்பா? தூக்கத்தில் பல் நறநறவென்று கடிப்பீர்களா? செதுக்கிய பல் என்ன நிறம்? வேர் சிகிச்சை செய்து கறுத்துப்போன பல்லின்மேல் ஒளி ஊடுருவும் பீங்கானை வைத்தால், கறுப்பு உள்ளேயிருந்து எட்டிப்பார்க்கும். அங்கே மறைக்கக்கூடிய ஜிர்கோனியாவோ மெட்டலோதான் சரி. நல்ல நிறத்தில் உள்ள முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட். முன்னே மட்டும் செதிள் மாதிரி ஒட்டும் வெனீருக்கு அதுவோ பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கானோ. அரை மில்லிமீட்டர் தடிப்பில் பழைய பீங்கானை அடித்துக்கொள்ள இன்றைக்கும் ஆள் இல்லை. நடுவில் பல் இல்லாமல் மூன்று நான்கு பல்லுக்குப் பிரிட்ஜ் என்றால் பலமான ஜிர்கோனியா. கைச்செலவு இடிக்கிறது என்றால் மெட்டல் செராமிக் கேவலம் இல்லை. இடம் கொடுத்துச் செய்தால் பதினைந்து வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

முறுக்கு, சீடை, நாட்டுக்கோழி எலும்பு எல்லாம் கடிக்கலாமா?

முறுக்கு தாராளமாக. சீடையைக் கேட்காதீர்கள், நன்றாக வேகாத சீடை சொந்தப் பல்லையே பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைவாயில் முழு மூச்சோடு கடித்தால் 50 கிலோ எடையை ஒரு புள்ளியில் வைத்த கணக்கு. ஜிர்கோனியா தாங்கும், அடியில் இருக்கும் வேர் சிகிச்சை செய்த பல் தாங்க வேண்டுமே? எலும்பை உறிஞ்சுங்கள், உடைக்காதீர்கள். கேப் போட்ட பக்கத்தால் சோடா மூடி திறந்து காட்டியவரும் இந்த ஊரில் உண்டு. அவரைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

வெற்றிலை போட்டால் கறை ஏறுமா?

பளபளப்பாக இருக்கும்வரை பீங்கானுக்குள் கறை இறங்காது. மேலே படியும், மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். கறை தங்குவது பீங்கானும் பல்லும் சேரும் சிமென்ட் கோட்டில். சொத்தையும் அங்கேதான் தொடங்கும். பீங்கான் சொத்தையாகாது என்ற தைரியத்தில் தேய்க்காமல் விடுகிறவர்களின் கேப் முழுசாகவே திரும்பி வரும், உள்ளே பல்லின் எச்சத்தோடு.

பாக்கு இதைவிடப் பெரிய விஷயம். பல வருடம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகி, வாயே திறக்க முடியாமல் போவதுண்டு. இரண்டு விரல் நுழையாத வாயில் கடைவாய்ப் பல்லை எப்படிச் செதுக்க முடியும், எப்படி அளவு எடுக்க முடியும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாய் திறப்பது குறைந்திருந்தால், கேப் இருக்கட்டும், முதலில் அதைக் காட்டுங்கள்.

இவ்வளவு கெட்டியான ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடாதா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கெட்டித்தன்மையைவிட வழவழப்புதான் முக்கியம். நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லை மேல்பூச்சுப் பீங்கானைவிடக் குறைவாகவே தேய்க்கிறது. ஆபத்து எங்கே என்றால், மாட்டும் அன்று கடி உயரமாக இருக்கிறது என்று மருத்துவர் நாற்காலியிலேயே அராவிவிட்டு, திரும்ப மெருகேற்றாமல் அனுப்பும்போது. அராவிய இடம் உப்புத்தாள்தான். “அராவிய இடத்தை மெருகேற்றிவிட்டீர்களா, டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகுமா?

என் ஆய்வகம் செக்காலைப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. விளக்கு எத்தனை இருந்தாலும், நிறம் பார்க்க ஆளை வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு அழைத்துப்போவேன். காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் விழாமல், திறந்த வானத்தின் வெளிச்சம் தூணோரம் இறங்கும் இடத்தில் உட்காரவைத்து, உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, நிறப்பட்டையைப் பல்லுக்கு ஒட்டிப் பிடிப்பேன். வழக்கமான பட்டையில் 16 நிறம். ஏ என்றால் செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். நம் ஊர் வாய்களில் ஏ2, ஏ3 அதிகம் எடுத்திருக்கிறேன். ஐந்து நொடிக்கு மேல் உற்றுப் பார்க்க மாட்டேன், கண் களைத்துப்போய் எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

பல்லைச் செதுக்கிய பிறகு நிறம் பார்க்க வராதீர்கள். வாயைத் திறந்து வைத்தபடி நேரம் போகப் போக, பல் உலர்ந்து வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குப் பல் செய்து கொடுத்தால், மறுநாள் அது ஒன்று மட்டும் சுவரொட்டி மாதிரி நிற்கும்.

பல்லை வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் கேப்புக்கு முன்பே செய்து, இரண்டு வாரம் விட்டு வாருங்கள். சொந்தப் பல் வெளுக்கும், பீங்கான் வெளுக்காது.

அண்ணே, நான்கு நாளில் கல்யாணம். பல் கிடைக்குமா?

தற்காலிகப் பிளாஸ்டிக் கேப்போடு மணமேடை ஏறலாம், யாருக்கும் தெரியாது. அவசரத்தில் சுட வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஜிர்கோனியாவைச் சுடும் சூளைகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது இரவுச் சூளை. ஒரு ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், பதினொரு பல்லை உள்ளே வைத்துவிட்டுப் படுத்தேன். நடுச்சாமத்தில் மின்சாரம் போனது, இன்வெர்ட்டர் ஏற்கெனவே கோளாறு. காலையில் பதினொன்றும் பாதி வெந்து, பல்லுக்கும் பெரிதாக, கட்டிக்கும் சிறிதாக, எதற்கும் உதவாமல் கிடந்தன. அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியை எடுக்கவே பயமாக இருந்தது. ஒரு வாரம் முதல் பத்து நாள் கொடுங்கள்.

கழன்று வந்துவிட்டது. கடையில் விற்கும் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாமா?

கூடாது. பொருளுக்கு ஏற்ப ஒட்டும் முறை மாறும். லித்தியம் டைசிலிகேட்டின் உள்புறத்தை மருத்துவர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் 20 நொடி அரித்து, சிலேன் என்ற இணைப்புத் திரவத்தைத் தடவி, பிசின் சிமென்டால் ஒட்டுவார். பல்லும் பீங்கானும் ஒன்றாகிவிடும். ஜிர்கோனியாவில் கண்ணாடியே இல்லாததால் இந்த அமில முறை அதில் பலிக்காது. அலுமினாத் தூளைக் காற்றில் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பூச்சையோ சிமென்டையோ போட வேண்டும். ஃபெவிக்விக் ஒட்டிக்கொண்டு வந்த கேப்பில் அந்தப் பசையைச் சுரண்டியே பாதி நாள் போயிருக்கிறது. துணியில் சுற்றாமல், ஒரு சின்ன டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். துணியில் சுற்றியவை துவைக்கப் போய்விடுகின்றன.

எத்தனை வருடம் வரும்? வாரண்டி அட்டை கொடுக்கிறார்களே?

எந்த வகைப் பீங்கானாக இருந்தாலும், ஒழுங்காகச் செய்த ஒற்றைக் கேப்களில் ஐந்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாயில் இருக்கின்றன என்பது ஆய்வுகளில் பொதுவாகக் காணும் கணக்கு. பத்து, பதினைந்து வருடம் சாதாரணம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், என்ன பொருள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பின்பக்கத்தைப் படியுங்கள். அட்டை கேப் உடைவதற்குத்தான், பல் சொத்தையாவதற்கோ ஈறு இறங்குவதற்கோ இல்லை. என்னிடம் திரும்பி வருபவற்றில் உடைந்தவை குறைவு, அடியில் பல் கெட்டுப்போனவை அதிகம்.

ஃபுளோரைடு ஜெல் போடும்போது, பீங்கான் பல் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அமிலம் கலந்த வகை பீங்கானின் பளபளப்பை அரிக்கும். அமிலமில்லாத வகையும் இருக்கிறது.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம். பீங்கானால் தொந்தரவு இல்லை. உலோகம் உள்ள கேப் படத்தில் வாய்ப்பக்கம் கொஞ்சம் கலங்கலாகத் தெரியவைக்கும். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொன்னால் போதும்.

பழைய கேப்பைக் கழற்றினார்கள். உள்ளே தங்கம் இருக்குமா?

செட்டிநாட்டில் பல் செய்கிறவன் இதற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். நம் பக்கம் போட்ட மெட்டல் செராமிக் என்றால் அநேகமாக நிக்கல் குரோமியம், பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாது. வெளிநாட்டில் வெகுகாலத்துக்கு முன் போட்டது, உள்புறம் மஞ்சள் தட்டுகிறது என்றால், தங்கம் கலந்த உலோகமாக இருக்கலாம். பினாங்கில் பெட்டியடியில் (வட்டிக்கடையில்) இருந்த ஒருவரின் இரண்டு கேப்கள் அப்படி என்னிடம் வந்தன. மேல் பீங்கானைத் தட்டி எடுத்து, உலோகத்தை ஒரு காகிதத்தில் மடித்து அவர் மகனிடம் கொடுத்தேன். அவர் அதை எடை போடவில்லை; அப்பச்சியின் கைப்பெட்டியில் அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னார்.